"உனக்குப் புரியாது" என்றீர்களே, யாரிடம்?

கேள்வி: 14 வருடமாக ஒரே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வாரம் மேலாளர் கூப்பிட்டு, "ஆட்களைக் குறைக்கிறோம். நீங்களாகவே ராஜினாமா கொடுத்துவிட்டால் நல்ல சான்றிதழோடு அனுப்பிவைக்கிறோம்" என்றார். ராஜினாமா கடிதத்தையும் அவர்களே டைப் செய்து கொடுத்துவிட்டார்கள். தேதி மட்டும் போடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். வீட்டில் சொன்னபோது மனைவி, "நீங்களா போறீங்களா, அவங்க அனுப்புறாங்களா?" என்று கேட்டாள். இதெல்லாம் உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன். சம்பளச் சீட்டுகளைத் தகர டப்பாவில் அடுக்கி வைப்பதோடு அவள் உலகம் முடிந்தது. வக்கீல் வைத்தால் பெயர் கெட்டுவிடுமோ, செலவு எங்கே போய் நிற்குமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீல் எவரிடமும் போய் உட்காருங்கள். அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "நீங்களா விலகினீர்களா, அவர்கள் நீக்கினார்களா?" என்பதாகத்தான் இருக்கும். அதைக் காசு வாங்காமல் உங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். அவர் வாயை அடைத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கேள்வியில்தான் உங்கள் 14 வருடமும் இருக்கிறது. அவர்கள் நீக்கினால், ஏன் என்று அவர்கள்தான் சொல்லியாக வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-வது உடன்படிக்கை, 1982-ல் வந்தது, இதைத்தான் சொல்கிறது: தகுந்த காரணமில்லாமல் ஒருவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது. எல்லா நாடும் அதை ஏற்கவில்லை என்றாலும், முன்னறிவிப்பு, நஷ்டஈடு என்று ஏதோ ஒரு வடிவத்தில் பல நாட்டுச் சட்டங்களில் அந்த எண்ணம் இருக்கிறது. நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டால்? காரணம் சொல்லும் வேலை அவர்களுக்கு மிச்சம். "கட்டாயப்படுத்தித்தான் வாங்கினார்கள்" என்று பிறகு வாதாடலாம்தான். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் வந்து உட்காரும். வேலையில்லாதோர் உதவித்தொகை உள்ள ஊர்களில் தானாக விலகியவருக்கு அதுவும் பெரும்பாலும் கிடைக்காது, அல்லது இழுத்தடிக்கும்.

தேதி போடாத கடிதம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கணக்குப் பார்ப்பவர். தேதியில்லாத ரசீதை ஒருவர் நீட்டினால் வாங்கிக் கோப்பில் போடுவீர்களா? அந்தத் தேதியை அவர்கள் தங்களுக்கு வசதியான நாளில் போட்டுக்கொள்வார்கள். இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கம்பெனியின் துண்டுச் சீட்டு வரைக்கும் பத்திரப்படுத்திய நீங்கள், உங்கள் சம்பளச் சீட்டில் ஒன்றையாவது எடுத்து வைத்தீர்களா? உங்கள் கணக்கைப் பத்திரப்படுத்தியவர் உங்கள் மனைவிதான். நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதம், மாதாமாதம் வந்த சீட்டு எல்லாம் அந்தத் தகர டப்பாவில்தான் இருக்கும். வக்கீல் கேட்கப்போவதும் அவற்றைத்தான். அதைப் போய் "அவள் உலகம்" என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

குடும்பத்தைக் காப்பாற்றுவது ஆண்பிள்ளை தனியாக நின்று முடிக்கும் காரியம் என்று நினைக்கிற பலரை நான் பார்த்துவிட்டேன். வீட்டில் பேச்சை அடக்குவார்கள், ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். வீட்டில் காட்டுகிற அந்தத் துணிச்சலை மேலாளரிடம் காட்டியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. சம்பாதிப்பவர் ஒருவராக இருக்கலாம், அந்தச் சம்பளத்தை நம்பி வாழ்கிறவர்களைக் கேட்காமல் அதை விட்டுக்கொடுக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. இது என் கட்சி, மாற்றிக்கொள்வதாக இல்லை.

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். வக்கீலைப் பார்ப்பது என்றாலே வழக்குப் போடுவது என்று யார் சொன்னது? இப்போது உங்களுக்கு வேண்டியது, அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு மணி நேரம். பெயர் கெடாது. நீங்கள் அங்கே போனதையும் பேசியதையும் அவர் வெளியே சொல்லக் கூடாது, அது அவர் தொழில் தர்மம். சொத்துப் பத்திரம் எழுதுகிற வக்கீலிடம் போகாதீர்கள், தொழிலாளர் வழக்கு பார்ப்பவராகத் தேடுங்கள். உங்கள் கம்பெனிக்கு எப்போதாவது ஆஜரானதுண்டா என்று நேராகவே கேளுங்கள். கட்டணம் மணிக்கணக்கா, மொத்தமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற பணத்தில் பங்கு என்ற பேச்சு எழுந்தால், உங்கள் நாட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் தடை. தொழிற்சங்கம் இருந்தால் அங்கேயும் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள்.

நாளைக் கடத்தாதீர்கள். வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட ஜெர்மனியில் கிடைக்கும் அவகாசம் மூன்றே வாரம். அமெரிக்காவில் பாரபட்சம் காட்டினார்கள் என்று மத்திய அமைப்பிடம் புகார் செய்யப் பொதுவாக 180 நாள், பல மாநிலங்களில் 300. உங்கள் ஊருக்கு எத்தனை நாள் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் ஈமெயிலில் வக்கீலுக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம். கோபத்தில் கம்பெனிக் கணக்குகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டும் வராதீர்கள், பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள். மேலாளர் என்றைக்கு, யார் முன்னால், என்ன சொன்னார் என்பதை மறப்பதற்குள் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை அவர் கேட்டால், "படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் எழுத்தில் கொடுங்கள்.

வக்கீலிடம் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். டப்பாவை அவரே எடுத்து வரட்டும். வக்கீல் அதைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்கும்போது அவர் பதில் சொல்வார், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.