வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தால் பொருளாதாரம் தேறுமா?

மந்தகாலத்தில் நிச்சயம் தேறும். கையில் சேமிப்பு இல்லாதவர் வந்த பணத்தைப் பூட்டி வைக்க மாட்டாரே. வண்ணாரப்பேட்டையில் கம்பெனி மூடி வேலை போன ஒருவருக்கு நாலாயிரம் வருகிறது என்று வையுங்கள். முதலில் மளிகைக்கடை நோட்டுப் பாக்கி தீரும். கடைக்கார அண்ணாச்சி அதே பணத்தோடு கொத்தவால்சாவடிக்குச் சரக்கெடுக்கக் கிளம்புவார், லோடு ஏற்றுபவருக்குக் கூலி போகும். அமெரிக்காவில் 2008-இல் மார்க் சாண்டி என்ற பொருளாதார அறிஞர் போட்ட கணக்கில், இப்படிச் செலவிடும் ஒரு டாலர் சுமார் 1.64 டாலர் அளவுக்கு உற்பத்தியைக் கூட்டும்.

சரி, நம்ம ஊரில்? மாநில அரசின் திட்டத்தில் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து வருடம் காத்திருந்த பிறகு. வேலை போன மாதமே வந்தால்தானே கடைவீதிக்கு உதவும்? தண்டையார்பேட்டையில் ஒரு கேஸ் சிலிண்டருக்கே அது பத்தாது.