அசோகர் கட்டுரை: வரிசையை மாற்றுங்கள்

உங்கள் மகளின் பள்ளிக் கட்டுரையில் "அசோகர் பௌத்தத்தால் பேரரசை ஒன்றாக்கினார்" என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், வரிசை தலைகீழ்: பேரரசு முதலில், பௌத்தம் பிறகு. பெரும்பகுதியை அவருடைய தாத்தா சந்திரகுப்தரும் தந்தை பிந்துசாரரும் ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள். அசோகர் போரிட்டுச் சேர்த்தது கலிங்கம் (இன்றைய ஒடிசா பகுதி), சுமார் கி.மு. 261இல். அங்கே ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாக அவருடைய 13ஆம் பாறைக் கல்வெட்டே வருந்திச் சொல்கிறது. ஆனால் கலிங்கத்துத் தௌலியில் அந்தக் கல்வெட்டு இல்லை! பதிலாக, எல்லா மக்களும் என் பிள்ளைகள் என்று அதிகாரிகளுக்கு எழுதிய ஆணை இருக்கிறது. இதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பௌத்தம் பரவியதற்கு, அசோகரின் மகன் மகிந்தர் இலங்கை சென்றதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்வதை எழுதலாம். அப்புறம், வரைபடத்தில் கவனம்: சோழரும் பாண்டியரும் அசோகரின் மௌரியப் பேரரசின் எல்லைக்கு வெளியே.