நல்லாசிரியருக்கு ஒரு வைப்புநிதி

வணக்கம். ஆசிரியராக இருந்து மறைந்த எங்கள் அப்பா நினைவாக, எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆண்டுதோறும் ஒரு நல்லாசிரியருக்குப் பரிசும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் தர விரும்புகிறோம். உடன்பிறந்தார் மூவரும் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் வைத்திருக்கிறோம். தனி அறக்கட்டளை பதிவு செய்யலாமா? பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டியவருக்கே பரிசு என்று விதி வைக்கலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

10 லட்சத்துக்குத் தனி அறக்கட்டளை வேண்டாம். பத்திரப்பதிவு, பான் எண், வருமான வரிப் பதிவு, அதன் புதுப்பிப்பு, தணிக்கையாளர் கட்டணம் என்று வட்டியில் நல்ல பங்கு அதிலேயே கரையும். உங்கள் பகுதியில் ஒழுங்காகக் கணக்குக் காட்டும் கல்வி அறக்கட்டளை ஒன்றில் அப்பா பெயரில் வைப்புநிதியாகக் கொடுத்து, முதலைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தை நம்பிக் கணக்குத் தொடங்காதீர்கள். அவர் மாறுதலில் போனால் பணம் வங்கியிலேயே கிடக்கும்.

வட்டி 6.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 65,000. அதில் 20,000ஐ முதலோடு சேர்த்துவிடுங்கள். விலைவாசி ஏற்றத்துக்கு அது போதாதுதான், ஆனாலும் முதல் தேய்வது குறையும். ஐம்பது ஆண்டுக்கு முன் ஆயிரம் ரூபாயில் ஏற்படுத்திய பதக்கத்தின் வட்டியில் இன்று பதக்கப் பெட்டிகூட வாங்க முடியாது.

மிச்சம் 45,000. ஆசிரியருக்கு 15,000, மூன்று பிள்ளைகளுக்குத் தலா 10,000. பாடநூல், பஸ் பாஸ் எல்லாம் அரசே தருகிறது. பத்து முடித்த பிள்ளை ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேரும்போதுதான் வீட்டில் கைப்பணம் இருக்காது. அதனால் சேர்க்கை நேரத்திலேயே கொடுத்துவிடுங்கள், ஆண்டு விழா மேடைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நூறு சதவீத விதியை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். தேர்ச்சிக் கணக்கு கெடும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பின்தங்கிய பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. உங்கள் பரிசு அதற்கு இன்னொரு காரணமாகிவிடும். அதோடு, எழுத்துக்கூட்டி வாசிக்கவும் திணறிய பிள்ளையை ஆறாம் வகுப்பில் தேற்றிவிட்டவர் அந்த விதியில் எந்நாளும் பரிசு பெற மாட்டார். அதற்குப் பதிலாக, ஜூனில் பிள்ளைகளை ஒரு பத்தி வாசிக்க வையுங்கள். அதே பிள்ளைகளை மார்ச்சில் மறுபடி வாசிக்க வையுங்கள். இரண்டு முறையும் வெளியாள் ஒருவரே கேட்கட்டும். பள்ளியை விட்டுப் போய் ஐந்து ஆண்டு ஆன பழைய மாணவர்களையும் கேளுங்கள், அவர்களுக்கு யாரிடமும் பயமில்லை.

ஆசிரியர்களையே விண்ணப்பிக்கச் சொல்லாதீர்கள். நல்லவர்கள் பலர் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள். தேர்வுக் குழுவுக்கு மூவர் போதும். உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு மேல் வேண்டாம். தலைமையாசிரியர் கருத்துச் சொல்லலாம், வாக்கு இல்லை. யாரும் தேறாத ஆண்டில் பரிசுத்தொகை முதலோடு சேரட்டும். அரசு ஊழியர் நடத்தை விதிகளில் அன்பளிப்புக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஒருவரையே பொறுக்கி எடுப்பதில் சங்கடம் இருக்கத்தான் செய்யும். 2020இல் 10 லட்சம் டாலர் உலக ஆசிரியர் பரிசை வென்ற, மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே, பாதியை இறுதிச் சுற்றின் மற்ற ஒன்பது பேருக்கும் பங்கிட்டார்.

பள்ளி வேறொன்றோடு இணைக்கப்பட்டால் பணம் எங்கே போகும் என்பதையும் இப்போதே எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். சொத்தை அறப்பணிக்கு எழுதிவைத்த பச்சையப்ப முதலியார் மறைந்தது 1794இல். உயில் வழக்கில் சிக்கி, அவர் பெயரில் முதல் பள்ளி திறந்தபோது 1842.