ஒரு எழுத்து மாறினா அர்த்தமே மாறுது: ப்ரூஃப் பாக்குற அக்காகிட்ட கேளுங்க

வணக்கம். அச்சாபீஸ்ல 19 வருஷமா ப்ரூஃப் பாக்குறேன், தமிழும் இங்கிலீஷும். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், ஸ்பெல்லிங்க தனியா மனப்பாடம் பண்ணா ரெண்டே நாள்ல மறந்துடும், அந்த வார்த்தைக்கு சொந்தக்கார வார்த்தை எதுன்னு புடிச்சுக்கங்க. வேலைக்கு எந்த சுழி, ரெண்டா மூணான்னு குழம்பும்போது பணியாளர், பணிவிடைன்னு யோசிச்சா பணி தானா வந்துரும்ல, அதே மாதிரிதான்.

கேள்வி: அக்கா, ஸ்டேஷனரிக்கு ஏ-ஆர்-ஒய்யா, ஈ-ஆர்-ஒய்யா? கடை போர்டு எழுதணும்.

ஈ-ஆர்-ஒய் தம்பி. பேக்கர் கடை பேக்கரி, ஸ்டேஷனர் கடையில விக்கிறது ஸ்டேஷனரி, ரெண்டுக்கும் அந்த ஈ இருக்கு. ஏ-ஆர்-ஒய் போட்டா நகராம நிக்கிறதுன்னு அர்த்தம். ஆனா ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான், அந்த காலத்துல ஐரோப்பாவுல ஊர் ஊரா சுத்தி விக்காம ஒரே இடத்துல கடை போட்டு புத்தகம் வித்தவங்களத்தான் ஸ்டேஷனர்னு கூப்பிட்டாங்க, லண்டன்ல அவங்க சங்கத்துக்கு 1557-லயே ராஜா பட்டயம் கிடைச்சிருக்கு.

கேள்வி: பிரின்சிபல், பிரின்சிபிள் எனக்கு எப்பவும் மாறிடுது மேடம்.

இது என் கைய சுட்ட வார்த்தை. ஒரு ஸ்கூலுக்கு லெட்டர்பேட் 2000 தாள் ஓட்டி முடிச்சாச்சு, பச்சை இங்க், நல்ல பாண்ட் பேப்பர். கட்டு கட்டறப்ப மேல் தாள எடுத்து பாக்குறேன், கையெழுத்து போடற இடத்துக்கு கீழ ஏ-எல்லுக்கு பதிலா எல்-ஈன்னு நிக்குது. அதாவது ஒரு கொள்கை அங்க கையெழுத்து போடப் போகுது! நான் ப்ரூஃப் பாத்து ஓகே போட்டதுதான், அவ்வளவையும் திரும்ப அடிச்சோம். அன்னிக்கு ராத்திரி யோசிச்சு கண்டுபுடிச்சது இது: தமிழ்ல காலேஜ் பிரின்சிபலுக்கு முதல்வர், வட்டி கட்டற கடன்ல பிரின்சிபல் தொகைக்கு முதல். ரெண்டுமே முதல், முதல்ல கடைசி சத்தம் 'அல்', அதனால ஏ-எல். லத்தீன்லயும் முதலாவதுங்கற அர்த்தத்துல இருந்துதான் இது வந்திருக்கு. மிச்சம் எல்லாம் கொள்கை, தத்துவம், அதுக்கு எல்-ஈ.

கேள்வி: அஃபெக்ட், எஃபெக்ட்? கிராமர் புக் படிச்சும் புரியல.

புக்க மூடிட்டு நீங்க பேசறத கவனிங்க. "மழையால வியாபாரம் அஃபெக்ட் ஆச்சு"ம்பீங்க, "மாத்திரைக்கு சைடு எஃபெக்ட் இருக்கா"ம்பீங்க. யாராவது சைடு அஃபெக்ட்னு சொல்றாங்களா? பாதிக்கிறது ஏ, அதோட விளைவு ஈ, நம்ம வாய்க்கு ஏற்கனவே தெரியும். ஆபீஸ் லெட்டர்ல மட்டும் பேமெண்ட்ட எஃபெக்ட் பண்ணுங்கன்னு வரும், அங்க அது நடத்தி முடிங்கன்னு அர்த்தம், திருத்திடாதீங்க.

கேள்வி: கல்யாண பத்திரிகை அடியில காம்ப்ளிமெண்ட்ஸ்னு போடறதுல நடுவுல ஐயா ஈயா?

ஐ. அது மரியாதை, வாழ்த்து, பாராட்டு. இலவசமா குடுக்கற காம்ப்ளிமெண்டரி காப்பிக்கும் ஐதான். ஈ போட்டா கம்ப்ளீட்டோட சொந்தம், குறையறத நிரப்பறது. ஸ்கூல் கணக்குல நிரப்பு கோணங்கள்னு படிச்சோமே, ரெண்டும் சேந்து 90 டிகிரி, அதுக்கு இங்கிலீஷ்ல ஈ போட்டதுதான்.

கேள்வி: டிரைவிங் லைசென்ஸ்ல சி-யா எஸ்-ஸா?

நம்ம ஊர்ல பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். 1988 மோட்டார் வாகன சட்டத்துலயே லைசென்ஸ் சி-ல இருக்கும், லைசென்சிங்னு வர்ற இடத்துல எஸ். பிராக்டிஸும் அப்படியே. அமெரிக்காவுல லைசென்ஸ் ரெண்டும் எஸ், பிராக்டிஸ் ரெண்டும் சி.

கேள்வி: ப்ரிஸ்கிரைப்டு புக்ஸ்னு சர்க்குலர்ல போட வேண்டியத ப்ரோஸ்கிரைப்டுன்னு டைப் பண்ணிட்டேன், பெரிய தப்பா அக்கா?

நேர் எதிர்மா. ப்ரிஸ்கிரைப்னா இத படிங்க, இந்த மருந்த சாப்பிடுங்கன்னு எழுதி குடுக்கறது. ப்ரோஸ்கிரைப்னா தடை பண்றது. 1928-ல பாரதியார் பாட்டு புத்தகங்கள வெள்ளக்காரன் அரசு தடை பண்ணி பறிமுதல் பண்ணுச்சே, அதுக்குத்தான் இந்த ப்ரோ. அதே பாரதி பாட்டு இன்னிக்கு புள்ளைங்க பாடப்புத்தகத்துல இருக்கு, அது ப்ரி. சர்க்குலர உடனே மாத்திடுங்க, பெத்தவங்க அந்த லிஸ்ட்ட பாத்து பயந்துடுவாங்க.

கேள்வி: பயோடேட்டாவுல மேரிடல் ஸ்டேட்டஸ்னு அடிச்சா கம்ப்யூட்டர் சிவப்பு கோடு போடல, அப்ப சரிதானே?

நீங்க காட்டின தாள்ல ஐ-யும் டி-யும் இடம் மாறி மார்ஷியல்னு இருக்குப்பா. அதுவும் நிஜ வார்த்தைதான், அதான் கோடு வரல. ரோம்காரங்களோட போர்க்கடவுள் மார்ஸ், அதுல இருந்து மார்ஷியல், மார்ஷியல் ஆர்ட்ஸ்னு சொல்றோமே அது. மார்ச் மாசம் பேரும் அதே கடவுள்தான். உங்களுக்கு வேண்டியது கல்யாணம், ஆர் முடிஞ்சதும் ஐ, அப்புறம்தான் டி. இண்டர்வியூ நாளைக்குன்னா இன்னிக்கே வேற பிரிண்ட் எடுத்துடுங்க.