ஒரே ப்ராக்ஸி வைத்து வீட்டு போன்கள் எல்லாவற்றிலும் விளம்பரத்தைத் தடுக்க முடியுமா?

பெங்களூரு அல்சூரில் அறை நண்பர்களோடு ஒரே வைஃபை. ஒவ்வொரு போனிலும் தடுப்பான் போடாமல் பழைய லேப்டாப்பை ப்ராக்ஸி (போன்களுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகர்) ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆக்கலாம். பிரைவாக்ஸி என்ற இலவச மென்பொருள் போதும். அது வழக்கமாக 8118 என்ற போர்ட்டில் (இணைப்பு வாசலில்), தான் இருக்கும் கணினிக்கு மட்டுமே வேலை செய்யும். அமைப்புக் கோப்பில் லேப்டாப்பின் வைஃபை ஐபி முகவரியைக் கொடுத்து, அதையே போன்களின் வைஃபை செட்டிங்கில் ப்ராக்ஸியாகப் போடுங்கள்.

இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ், அதாவது தகவலைப் பூட்டி அனுப்பும் முறையில் இயங்குபவை. போன் எந்த சர்வரோடு பேசுகிறது என்பது ப்ராக்ஸிக்குத் தெரியும், உள்ளே என்ன பேசுகிறது என்பது தெரியாது. அதனால் டபுள்கிளிக் போன்ற தனி விளம்பர சர்வர்களை முழுசாக மறித்துவிடும். யூடியூப் விளம்பரமோ வீடியோ வரும் இடத்திலிருந்தே வருவதால் தப்பிவிடும்.

2020-இல் வந்த பிரைவாக்ஸி 3.0.29 பதிப்பு முதல் எச்டிடிபிஎஸ்ஸைப் பிரித்துப் பார்க்கும் வசதியும் உண்டு. ஆனால் அதற்கு எல்லோர் போனிலும், லேப்டாப்பை நம்பச் சொல்லும் உங்கள் சான்றிதழை நிறுவ வேண்டும். அப்புறம் நண்பர்களின் கடவுச்சொற்கள்கூட அந்த லேப்டாப்பில் திறந்த நிலையில் கடந்துபோகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பல ஆப்கள் ப்ராக்ஸியை மதிப்பதே இல்லை. அவற்றின் விளம்பரமும் குறைய வேண்டுமென்றால், பை-ஹோல் என்ற மென்பொருளைப் போட்டு, தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் வழியாகத் தடுப்பதே மேல்.