ஒரு பாட்டுக்குள் ஓடிய பத்து வருஷம்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சென்னிமலைப் பக்கம் ஒரு கிராமம். எழுத வேண்டும் என்று இரண்டு கதைகள் மனதில் கிடக்கின்றன. ஒன்று, எங்கள் அம்மாயி விதைக்கடலை உடைத்துக்கொண்டே சொல்லும் ஒரு பழைய சினிமாக் கதை. படத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் பத்து வருஷம் ஓடிவிடும். அம்மாயி மட்டும் அங்கே நிறுத்தி, "கைக்கொழந்தய வெச்சுக்கிட்டு அந்தப் பத்து வருசம் அவ என்ன பண்ணியிருப்பா கண்ணு?" என்று கேட்கும். இன்னொன்று நிஜம். எங்கள் சொந்தத்தில் அண்ணன் தம்பி இருவர் பங்குக் கிணற்றுக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். தீர்ப்பு வருவதற்குள் கிணறு வற்றிவிட்டது. பெயரை மாற்றி எழுதினால் போதுமா? ஏற்கெனவே தெரிந்த கதை நாவல் ஆகுமா?

க., ஈரோடு மாவட்டம்

அன்புள்ள க.,

ஆகும். இரண்டையுமே எழுதுங்கள்.

சட்ட விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தின் காப்புரிமை, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டுகள். படத்துக்கு அடியில் இருக்கும் கதைக்குத் தனிக் கணக்கு: எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள். 1954இல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்த 'மலைக்கள்ளன்' நாமக்கல் கவிஞரின் நாவலிலிருந்து வந்தது. அதுபோன்ற படம் என்றால் இரண்டு கணக்கையும் பார்க்க வேண்டும். உரிமை உள்ளவர் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நிஜக் கதைக்கு, ஆட்டோ சங்கர் தன்வரலாறு பற்றிய வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உதவும். கோர்ட் ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் இருப்பதைப் பொதுவாகச் சம்மதம் இல்லாமலே எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய குடும்ப அந்தரங்கத்துக்குள் போனால் சம்மதம் வேண்டும். பெயரை மாற்றுவது மட்டும் காப்பாற்றாது. உங்கள் ஊரில் படிக்கிற யாருக்கும் அது யார் வீட்டுக் கிணறு என்று தெரிந்துவிடும். அந்த இரண்டு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

எனக்கு இதில் இன்றுவரை உறுத்துகிற ஒன்று உண்டு. விசைத்தறிக் கடனில் நொடித்துப்போன ஒரு அக்காவின் கதையை, அவர் சம்மதத்தோடுதான், சிறுகதையாக எழுதினேன். தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றும்போது அவர் வாசலில் விழுந்து அழுவதாக முடித்திருந்தேன். வாசித்துக் காட்டினேன். "எல்லாஞ் சரித்தான் தம்பி. ஆனா அன்னிக்கு நான் அழுகலையே. வண்டி போனதும் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன். காத்தாலருந்து கத்திக்கிட்டே இருந்துச்சு" என்றார். அந்த அழுகையை நான் பார்த்த சினிமாக்களிலிருந்து எடுத்து அவர் தலையில் வைத்திருந்தேன். மாடு கத்தியது கண்ணெதிரே நடந்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தோன்றவில்லை.

அதனால்தான் உங்கள் அம்மாயியின் கேள்வி எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. இரண்டரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய சினிமா, பத்து வருஷத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நாவலுக்கு அந்த அவசரம் கிடையாது. படத்தைத் திரும்பப் பார்க்காதீர்கள். அம்மாயி சொல்வதை முதலில் எழுதி வையுங்கள். எங்கே நிறுத்துகிறது, எங்கே தானாக ஏதாவது சேர்க்கிறது என்று கவனியுங்கள். அந்தப் பெண் குழந்தையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள், கூலி எவ்வளவு என்று தொடங்கினால், கொஞ்ச தூரத்திலேயே படம் பின்னால் போய்விடும், உங்கள் நாவல் நிற்கும்.

நிஜ சம்பவமும் இப்படித் தாவித்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். தேதியும் பெயர்களும் வரலாற்றில் இருக்கின்றன. அன்று காலை அவர்கள் வீடுகளில் யார் அடுப்பைப் பற்றவைத்தார்கள் என்பது எந்தப் பதிவிலும் வராது. நாவலாசிரியர் போக வேண்டியது அந்த வீடுகளுக்குள்.

உங்கள் கிணற்றுக்கு வருவோம். வழக்குக் கட்டில் வாய்தாத் தேதிகள் இருக்கும், யாருக்கு எத்தனை நாள் முறை என்பது இருக்கும். அதையெல்லாம் படித்து முடித்த அப்புறம் வேறு விஷயங்களைக் கேளுங்கள். முறை இல்லாத நாளில் தென்னம்பிள்ளை வாடுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருந்தார்கள்? முதலில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டது யார்? கிணறு வற்றியதை முதலில் பார்த்தவர் மற்றவருக்குச் சொன்னாரா?

இன்னொன்றும் கேளுங்கள். உங்கள் ஊரிலிருந்து காலையில் டவுனுக்கு எத்தனை பஸ்? ஒன்றுதான் என்றால், வாய்தா நாளில் அண்ணனும் தம்பியும் அதே பஸ்ஸில்தான் போயிருக்க வேண்டும். யார் எந்தச் சீட்டில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.