பள்ளத்துப் பாத்தியும் உறைபனியும்

கேள்வி: அம்மா, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் தோட்டம். மேட்டில் கேரட்டும் முட்டைக்கோஸும், ஓடையை ஒட்டின பள்ளத்தில் பீன்ஸும் கடைப்போக உருளைக்கிழங்கும் இருக்கின்றன. மழை விட்டுவிட்டது. காலையில் புல்லெல்லாம் நீர்ப்பனி. உறைபனி விழுவதற்குள் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, நீலகிரி

பதில்: பள்ளத்தை முதலில் கவனியுங்கள் அம்மா. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கி ஓடைக்கரையில் தேங்கிவிடும். கேத்திப் பள்ளத்தாக்கில் எங்கள் தோட்டத்தில் மேல் பாத்தி பச்சையாக நிற்க, இரண்டு படி கீழே அத்தனையும் கருகிக் கிடந்ததை எத்தனையோ காலையில் பார்த்திருக்கிறேன்.

பீன்ஸ் பனி தாங்காது. பிஞ்சானாலும் இந்த வாரமே பறித்துவிடுங்கள். மனசு கேட்காதுதான், எனக்கும் கேட்காது. அடுத்த வருஷம் அங்கே பூண்டு வையுங்கள், அது குளிருக்கு அஞ்சாது.

உருளைக்கிழங்குக்கு நன்றாக மண் அணைத்துவிடுங்கள். இலை கருகினாலும் மண்ணுக்குள் கிழங்கு பத்திரமாக இருக்கும். கருகியதும் பதறிப்போய்த் தோண்டாதீர்கள். இரண்டு வாரம் விட்டால் தோல் முற்றும், கிழங்கு நாள்பட இருக்கும். கேரட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், குளிரில் இனிப்பு கூடும்.

மேகம் மூடிய இரவில் உறைபனி விழாது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்து, காற்றும் அசையாத சாயங்காலம்தான் ஆபத்து. அப்படிப்பட்ட நாள் வருமென்று தோன்றினால் மதியத்துக்குள் பாத்தியை நனைத்துவிடுங்கள். ஈர மண் பகல் வெயிலின் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடும். காய்ந்த மண்ணுக்கு அந்தச் சக்தி இல்லை.

இருட்டுவதற்குள் குச்சி நட்டு, மேலே பழைய சேலையோ சாக்கோ விரியுங்கள். கல்யாணமாகி வந்த முதல் தை மாதம் நான் பிளாஸ்டிக் தாளைச் செடி மேலேயே போர்த்திவிட்டேன். தாள் தொட்ட இலையெல்லாம் கருகிப்போயிற்று. என் மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் விடியுமுன் என்னை எழுப்பி, இலையில் படிந்த பனி கரையும்வரை பூவாளியால் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். வெயில் படுமுன் பனியைக் கழுவிவிட வேண்டும் என்பது அவர் பழக்கம், இன்றும் அதைத்தான் செய்கிறேன்.

வெயில் ஏறியதும் சேலையை எடுத்துவிடுங்கள். ஈரத்தோடு மூடியே கிடந்தால் முட்டைக்கோஸ் அழுகும்.